தொழுகை இல்லாத நாட்கள்

வயிற்றின் மேல் தடவிய பசை குளிர்ந்தது. நசீம் பானு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். லேடி டாக்டர் கையிலிருந்த கருவியை அடிவயிற்றில் அழுத்தி நகர்த்திக்கொண்டே பக்கத்துத் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடுவது அங்கே இல்லை என்று பானுவுக்குத் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மாமியார் சபுரா பீவி கால்மாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவள் கண்களும் திரையில்தான் இருந்தன. சாம்பல் நிறத்தில் அசைந்த அந்த மேகத்துக்குள் தனக்கு ஏன் பேரப்பிள்ளை இல்லை என்பதற்கான பதில் இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள்.

டாக்டர் கருவியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கர்ப்பப்பையில் ஒரு குறையும் இல்லை என்றார். ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறதாம். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு இருக்கிற பெண்ணுக்கு ரத்தம் இப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு பானுவைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. பானு புடவையைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்துகொள்ளப் பார்த்தாள். உடனே நினைவு வந்து தலையை நிமிர்த்திக்கொண்டாள். இப்போதெல்லாம் குனிவதற்கு முன்பு அவள் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் பெண்கள் மாதத்தின் அந்த நாட்களை 'தொழுகை இல்லை' என்று சொல்வார்கள். அதைச் சொன்னபின் வேறெதையும் யாரும் கேட்பதில்லை. மாமனார் பரக்கத்துல்லாகூடக் கேட்பதில்லை. தொழுகை நேரத்தில் அவள் அடுப்படியில் நின்றால் அவர் பேசாமல் கொல்லைப் பக்கம் போய்விடுவார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண் எத்தனை நாள் வேண்டுமானாலும் மறைந்து நிற்கலாம் என்பதை பானு போன மழைக்காலத்தில் கண்டுபிடித்தாள். சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. மணிமுத்தாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போன மாதம்.

முதலில் அது வெறும் தலைவலியாகத்தான் வந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அவர்கள் டீக்கப்புகள் செய்தார்கள். மண்கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, விளிம்பிலும் கைப்பிடியிலும் உள்ள பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, தொழிற்பேட்டைச் சூளைக்கு அனுப்புவது மாமனாரின் தொழில். துடைக்கும் வேலை பானுவுக்கும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் பாஞ்சாலைக்கும். குனிந்த தலை குனிந்தபடி இருக்கும் வேலை. நெற்றிக்குள் ஏதோ நிரம்புவதுபோல வரும், படுத்தால் வடிந்துவிடும். மண்தூசி என்று நினைத்தாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானத்து லுஹர் தொழுகையில், சஜ்தாவில் நெற்றியைப் பாயில் வைத்த அந்த நொடி, உள்ளே யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது. வலி என்று அதைச் சொல்லமுடியாது. வலி வருவதற்கும் இடம் இல்லாமல் தலைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் நிறைந்துவிட்டது. எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சற்றுநேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல அது விலகிப்போனது. அடுத்த நாளும் வந்தது. சில நாள் வராது. வராத நாட்களில் அவள் அதிகமாகப் பயந்தாள்.

சின்ன வயதில் ஓதக் கொடுத்த ஆலிமா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அடியான் தன் ரப்புக்கு, தன் இறைவனுக்கு, எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருக்கும் இடம் சஜ்தா. நெற்றி மண்ணைத் தொடும் இடம். அந்த இடத்தில்தான் அவளை ஏதோ தூக்கி எறிகிறது. கப்பு துடைக்கும்போது மெல்ல வருவது அங்கே முழு பலத்தோடு வருகிறது. இதை யாரிடம் என்னவென்று சொல்வது? தொழுதால் தலை வலிக்கிறது என்று சொன்னால் அது தொழுகையைக் குறை சொன்னதாகிவிடும். தன் நெற்றியை இறைவன் ஏற்க மறுக்கிறான் என்று சொன்னால், ஏன் மறுக்கிறான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டிருந்தாள். குழந்தை இல்லாததும் இதுவும் ஒன்றா என்று யோசித்தாள். என்ன தப்பு என்று தன் இருபத்தெட்டு வருஷத்தையும் புரட்டிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அது ஆறுதலாக இல்லை. ஒருநாள் மாமியார் பாயை விரித்துக்கொண்டே வழக்கம்போலக் கூப்பிட்டபோது, எனக்கு தொழுகை இல்ல மாமி என்று வாயில் வந்துவிட்டது. அன்று தலை லேசாக இருந்தது. அதற்குப்பிறகு அந்தச் சொல் எளிதாக வந்தது.

மாமியார் முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். "பாங்கு சொல்ற நேரம் பாத்துதாண்டி ஒனக்கு வருது," என்றாள். பிறகு அவள் கேலி நின்றது, கவலை தொடங்கியது. இத்தனை நாள் போனால் வயிற்றில் எப்படித் தங்கும் என்று அண்டைவீட்டுப் பெண்களிடம் பேசினாள். இரும்புச் சத்துக்கென்று பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வந்தன. இல்லாத நோய்க்கு வந்த கீரையை பானு தலைகுனியாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

போன வாரம் கொட்டகையில் பலகை நிறையச் சுடாத பச்சைக் கப்புகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது கால்கள் இரண்டும் இல்லாமல் போயின. விழுந்தாள். நினைவு தப்பவில்லை. கப்புகள் ஒவ்வொன்றாகச் சப்பையாவதைத் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலைதான் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தாள். "வுடு பாப்பா, பச்ச மண்ணுதான. கரச்சி ஊத்துனா மறுபடியும் கப்பு. நீ ஒடஞ்சாதான் கரச்சி ஊத்த முடியாது," என்றாள். சத்தம் கேட்டு வந்த சபுரா பீவி முகம் வெளுத்து நின்றாள். ரத்தம் குறைந்துபோன மயக்கம் என்று அவளே முடிவு செய்தாள். அதனால்தான் நெய்வேலியில் இந்த லேடி டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் சபுரா பீவி உட்கார்ந்தாள். மந்தாரக்குப்பம் தாண்டும்வரை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. அவள் மௌனங்களை பானு வகைபிரித்து வைத்திருந்தாள். கோபத்தில் வருவது, அசதியில் வருவது, மகனின் போன் வராத வெள்ளிக்கிழமையில் வருவது. இது அந்த வகை எதிலும் சேரவில்லை. வெளியே சுரங்கத்து மண் மலைபோலக் குவிந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"கொடில ஒரு துணிகூட நான் பாக்கலியே பானு," என்றாள் சபுரா பீவி. சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "இத்தினி மாசமா. நானும் பொம்பளதான."

கண்டக்டர் வந்து போனார். முன்சீட்டில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பொய்யை இன்னொரு பொய்யால் மூடலாம், அதற்கு வழி இருந்தது. ஆனால் அவளுக்கு அசதியாக இருந்தது. கொட்டகையில் விழுந்து கிடந்தபோது, இப்படியே எழாமல் போனால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும் என்று தோன்றியதை நினைத்துக்கொண்டாள்.

"சஜ்தாவுல தலய வெக்க முடியல மாமி," என்றாள். "வெச்சா உள்ள அடிக்குது. எழுந்திரிக்க முடியல. ரப்பு என்ன அங்க வேணாங்குறானோன்னு பயமா இருக்குது."

ஸ்டாண்டு வந்தது, இறங்கினார்கள், ஜங்ஷன் ரோடு வழியாக நடந்தார்கள். வீடு வந்தது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் சபுரா பீவி இரண்டு பாய்களைப் பக்கம் பக்கமாக விரித்தாள். கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு வா, எங்கூட நின்னு தொழு, நான் பாக்கணும் என்றாள். பானு நின்றாள். நிலையும் குனிவும் ஒருவாறு கடந்தன. பிறகு மாமியாரோடு சேர்ந்து நெற்றியைக் கீழே வைத்தாள். தலைக்குள் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. எழ முயன்றாள், கால்கள் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து, பாயின் ஓரத்தில் வாந்தி எடுத்தாள். அப்போது இரண்டு கைகள் அவள் தலையைப் பிடித்து நிமிர்த்தின. மாமியார் தொழுகையைப் பாதியில் முறித்துவிட்டு எழுந்திருந்தாள். கொட்டகையில் தீ பிடித்த அன்றுகூட ஸலாம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தவள் என்று மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறாள் பானு.

"இது மறுக்கறது இல்ல," என்றாள் சபுரா பீவி, அவள் வாயைத் துப்பட்டியால் துடைத்தபடி. "இது சீக்கு."

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எப்போது வலிக்கிறது என்று அங்கே கேட்ட டாக்டரிடம், குனியும்போது என்று பானு பொதுவாகச் சொன்னாள். சபுரா பீவி குறுக்கிட்டாள். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது வருகிறது, படுத்தால் போகிறது, கால் மடங்கி விழுகிறாள், நினைவு தப்புவதில்லை என்று கூச்சமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு விளக்கை வைத்துப் பானுவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். கண்ணின் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். அன்றைக்கே தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

அறுவை செய்யும் டாக்டர் வேறு ஒருவர். மெதுவாகப் பேசினார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மூளையின் நட்டநடுவில் வெள்ளையாக உருண்டு நின்ற ஒன்றைக் காட்டினார். பட்டாணி அளவுதான் இருந்தது. மூளைக்குள் தண்ணீர் ஊறி ஓடுகிற அறைகள் உண்டு, அந்த அறையின் வாசலில் இது தொங்குகிறது என்றார். உள்ளே கெட்டியான கூழ்போன்ற திரவம், மேலே மெல்லிய தோல். பிறவியிலேயே விழுந்த துளி, வருஷக்கணக்கில் வளர்ந்தது. தலை கவிழும்போது அது வாசலை அடைக்கிறது, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. இதுபோல அபூர்வமாகத்தான் பார்க்கிறோம் என்றார்.

"கேன்சருங்களா?" என்று மாமனார் கேட்டார்.

கேன்சர் இல்லை, பரவாது, எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது என்றார் டாக்டர். "ஆனா அது இருக்கற இடம் அப்படி பாய். ஒருநாள் மூடிக்கிட்டு தொறக்காம போச்சுன்னா, ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்காது." எலும்பில் ஒரு சிறு சன்னல் திறந்து போய் எடுக்கவேண்டும். போகிற வழியை ஒட்டி, புதிதாக நடப்பதை நினைவில் வைக்கிற நரம்பிழைகள் போகின்றன. அவற்றுக்கு அடிபட்டால் பழையதெல்லாம் இருக்கும், இன்றைக்குக் காலையில் நடந்தது நிற்காது. சிலருக்குக் கொஞ்ச நாளில் சரியாகும். சிலருக்கு முழுதாகச் சரியாவதில்லை. அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்றார்.

பானு அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. அதற்கு ஓர் இடம் இருந்தது, ஓர் அளவு இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே விழுந்த துளி என்றால் அவள் செய்த எதற்கும் அது பதில் இல்லை. இத்தனை மாதமாகப் புரட்டிக்கொண்டிருந்த வருஷங்களை அவள் அந்த அறையிலேயே மூடிவைத்தாள். சாவைப் பற்றிய பயம் அதற்குப்பிறகு, வராந்தாவில் நடக்கும்போதுதான் வந்தது.

ஷார்ஜாவிலிருந்து பானுவின் கணவன் ரியாஸ் போனில் பேசினான். லீவு கேட்டிருக்கிறான், ரம்ஜானுக்கு வந்துவிடுவான், அதுவரை மாத்திரையில் தள்ள முடியாதா என்றான். தலையைத் திறப்பது என்றால் தான் பக்கத்தில் இருக்கவேண்டாமா என்று அவன் குரல் உடைந்தது. சபுரா பீவி மாமனார் கையிலிருந்து போனை வாங்கினாள். "நீ வரும்போது அவ இருக்கணுமா, அவ கபுர பாக்க வரியா? எதுன்னு சொல்லு," என்றாள். பிறகு போனை பானுவிடம் நீட்டினாள்.

ரியாஸின் மூச்சு கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ லாரியை ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும் கேட்டது. கல்யாணமாகி இந்த ஐந்து வருஷத்தில் அவனோடு சேர்ந்து இருந்ததைவிட இப்படி அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது அதிகம் என்று பானுவுக்குத் தோன்றியது. நினைவு நிற்காமல் போகலாம் என்பதை அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னாள். நீங்க வந்துட்டுப் போனது மறந்துபோச்சுன்னா திரும்ப வந்துட்டுப் போங்க என்றும் சொன்னாள். அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை.

"பண்ணிக்கறேங்க," என்றாள். "நான் கையெழுத்து போட்டுட்டேன்."

தலைமுடியை எடுத்த அன்று மாமியார் திரைச்சீலைக்கு வெளியே காவல்போல நின்றாள். ஆபரேஷன் காலையில் தொடங்கி மத்தியானத்தைத் தாண்டியது. முடிந்தபின் டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்களாம். பச்சையும் மஞ்சளுமாக, வெந்த ஜவ்வரிசி கெட்டுப்போனதுபோல ஏதோ அடியில் கிடந்தது. சபுரா பீவி அதை நெடுநேரம் பார்த்தாள். திட்டவேண்டும் என்று இருந்ததாம். திட்டுவதற்கு அது ரொம்பச் சின்னதாக இருந்ததாம். பின்னாளில் பாஞ்சாலையிடம் அப்படித்தான் சொன்னாள்.

பானு கண் விழித்தாள். எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. தலைக்குள் நிறைந்திருந்தது வடிந்து, மழைவிட்ட தெருவைப்போல இருந்தது. ஆனால் அவங்க போன் பண்ணாங்களா என்று கேட்டாள். பண்ணினான் என்றாள் மாமியார், நீயேதான் பேசினே என்றாள். கொஞ்சநேரம் கழித்து அதே முகத்தோடு, அதே குரலில், அவங்க போன் பண்ணாங்களா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் சபுரா பீவி புதிதாகச் சொல்வதுபோல, பண்ணினான் என்றாள். குரலில் ஒரு துளியும் மாற்றம் இல்லாமல் அதைச் சொல்ல அவள் பழகிக்கொண்டாள். மூளை வீக்கம் வடிய வடிய நினைவு திரும்பும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்.

பக்கத்துக் கட்டிலில் தன் தங்கைக்குத் துணைக்கு இருந்தவள் அன்னமேரி. ஸ்ரீமுஷ்ணம் பக்கம், வயற்காட்டு வேலை. வார்டு முழுக்கக் கேட்கப் பேசுகிறவள். "அக்கா, ஒங்க மருமவ காலையிலேர்ந்து எம்பேர கேட்டுக்கிட்டே இருக்குது. நானும் சலிக்காம ஒவ்வொரு வாட்டியும் ஒரு பேரு சொல்றேன். சினிமா நடிகைங்க பேரெல்லாம் தீந்துபோச்சு, இனிமே புனிதருங்க பேருதான்," என்றாள். சபுரா பீவி துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து பானு பார்த்தது அதுதான். அது நினைவில் நிற்க வேண்டுமென்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உட்கார ஆரம்பித்ததும் தொழவேண்டும் என்றாள். டாக்டர் தலையைத் தாழ்த்தவே கூடாது, நேராக உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்றார். தையல் காய்ந்து, படம் மறுபடி எடுத்துப் பார்த்தபிறகுதான் மற்றதெல்லாம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குனிய வேண்டிய இடத்தில் இமைகளை மட்டும் தாழ்த்தினாள். ஓதுவதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. சின்ன வயதில் படித்தது ஒரு எழுத்தும் போகவில்லை. ஆனால் நான்கு சுற்றில் இது எத்தனையாவது ரக்அத்து என்று தெரியவில்லை. ஒன்று முடித்த நிமிஷமே அது முடிந்ததா என்று தெரியாமல் போனது. மறுபடி தொடங்கினாள். மறுபடி. வெயில் சன்னலிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போகும்வரை அவள் ஒரே தொழுகைக்குள் வழி தெரியாமல் நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. சபுரா பீவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அஸருக்கு அவள் ஒரு ஸ்டூலைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ ஓது. எண்ணுறத நான் பாத்துக்கறேன்," என்றாள். பானு தொடங்கினாள். மாமியாரின் மடியில் வலது கை நிமிர்ந்திருந்தது, அதில் ஒரு விரல் உயர்ந்திருந்தது. பானு இமைகளைத் தாழ்த்தினாள், உயர்த்தினாள், மறுபடி தாழ்த்தினாள். அடுத்து பார்த்தபோது இரண்டு விரல்கள். இரண்டாவதில் அமர்ந்து ஓதவேண்டியதை ஓதினாள். வார்டில் யாரோ டிபன் கேரியரைத் திறந்தார்கள். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்றது. அவள் மேலே ஓதினாள், இமைகளைத் தாழ்த்தினாள், உயர்த்திப் பார்த்தாள்.

இரண்டு விரல்கள்தான் இருந்தன. இப்போது முடித்தது இரண்டாவதா, மூன்றாவதா? சபுரா பீவியின் தலை கட்டில் கம்பியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து மூச்சு சீராக வந்தது. வார்டின் தரையில் இத்தனை நாளாக விட்டுவிட்டுத் தூங்கிய தூக்கமெல்லாம் சேர்ந்து வந்து அவளை அந்த ஸ்டூலில் பிடித்திருந்தது. அன்னமேரி அவளைத் தட்டி எழுப்பக் கை நீட்டினாள். வேண்டாம் என்று பானுவால் சொல்ல முடியாது, அவள் தொழுகைக்குள் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த அன்னமேரி கையைத் தானே இழுத்துக்கொண்டாள்.

நெஞ்சில் கைகளைக் கட்டியபடி பானு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவசரம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. எதிரே மாமியாரின் மடியில் அந்த இரண்டு விரல்களும் நிமிர்ந்தே இருந்தன. பிறகு தூக்கத்தில் ஒரு விரல் மட்டும் மெல்ல மடியத் தொடங்கியது.